கம்பியின் கடைசி ஒரு சென்டிமீட்டர்: ஃபெரூல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

வீட்டில் ஒரு சுவிட்ச் பெட்டி கருகிவிட்டால் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் காண்பது பல நேரம் வேறொன்று. சுவருக்குள் ஓடும் வயர் நன்றாகவே இருக்கும். மேலுறை மிருதுவாக, நிறம் மாறாமல் இருக்கும். டெர்மினலுக்குள் நுழையும் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் செம்பு கறுத்து, மேலுறை இறுகி நொறுங்கி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகியிருக்கும். இதைத்தான் ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்கிறோம். அளவுக்கு மீறிய மின்னோட்டம் வராமலே, எம்.சி.பி. விழாமலே, அன்றாடச் சுமையிலேயே மெல்ல மெல்லக் கருகும் கோளாறு இது.

அந்தக் கடைசிச் சென்டிமீட்டரை எப்படி முடிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பல இழைகள் கொண்ட வயரின் நுனியில் ஒரு மெல்லிய செம்புக் குழலைச் செருகி, அதற்கென்றே உள்ள பிளையரால் நசுக்கி, பிறகு டெர்மினலில் கொடுக்கும் முறை ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அந்தக் குழல்தான் ஃபெரூல். நம் பேனல் பட்டறைகளில் வயர் எண் அச்சிட்ட பி.வி.சி. உறையையும் ஃபெரூல் என்றே சொல்வதால், கடையில் கேட்கும்போது ‘கிரிம்ப் பண்ணும் எண்ட் ஸ்லீவ்’ என்று தெளிவாகச் சொல்வது நல்லது.

இது கட்டாயமா, அழகுக்கா, வீண் செலவா என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடுமுனையின் இயற்பியல், மாற்று வழிகள், தரநிலைகள், கருவி, டெர்மினல் வகை, நம் வீடுகளின் நிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு நிபந்தனையோடு விடை கிடைக்கிறது. வயர், குழல், பிளையர், டெர்மினல் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் ஃபெரூல் மிக நல்ல முடிப்பு. நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும், வேலை சரியாக முடிந்துவிட்டது என்ற பொய்யான நம்பிக்கையைத்தான் அது தரும்.

தொடுமுனையில் நடப்பது என்ன?

இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தால் அவை முழுவதுமாகத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நுண்ணோக்கியின் அளவில் பார்த்தால் ஒவ்வொரு பரப்பும் மேடும் பள்ளமும்தான்; மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு புள்ளிகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு பாய வேண்டும். ஸ்வீடனில் பிறந்து ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ராக்னர் ஹோல்ம் இதைக் கணிதமாக எழுதிவைத்தார். 1941-இல் ஜெர்மனில் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பு எவ்வளவு என்பதை அழுத்தும் விசையும் உலோகத்தின் கடினத்தன்மையும் தீர்மானிக்கின்றன. ஆகவே நல்ல இணைப்பு என்பது ஆண்டுக்கணக்கில் குறையாமல் நிற்கும் அழுத்தம்.

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வீட்டுச் சாக்கெட்டில் 3.3 கிலோவாட் சார்ஜரைச் செருகி மின்காரை இரவெல்லாம் சார்ஜ் செய்வதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது சுமார் 14.3 ஆம்பியர் இழுக்கும். டெர்மினலின் தொடுமுனைத் தடை 1 மில்லிஓம் என்றால் அங்கே எழும் வெப்பம் 0.2 வாட், கைக்குக்கூடத் தெரியாது. அதே தடை 20 மில்லிஓமாக ஏறினால் வெப்பம் 4 வாட். சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், எட்டு மணி நேரம் தொடர்ந்து 4 வாட் என்பது சிறிய விஷயமல்ல. சூட்டில் செம்பு விரிகிறது, காலையில் குளிர்ந்து சுருங்குகிறது, பிடி சற்றே தளர்கிறது, இடைவெளியில் ஆக்ஸைடு படர்கிறது, தடை இன்னும் ஏறுகிறது. மின்னோட்டம் 16 ஆம்பியருக்குள்ளேயே இருப்பதால் எம்.சி.பி.க்கு இதில் எதுவுமே தெரியாது.

ஒற்றைத் தடிமன் கம்பியை ஸ்க்ரூ அழுத்தினால் விசை நேராக உலோகத்தில் இறங்குகிறது. இருபது முப்பது மெல்லிய இழைகளை அழுத்தினால் அவை பக்கவாட்டில் நழுவி இடம் மாறுகின்றன. இறுக்கிய அன்று கெட்டியாக இருந்த ஸ்க்ரூ, சில நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கால் சுற்று கூடுதலாகப் போவதற்குக் காரணம் இதுதான். பல இழை வயரின் அடிப்படைச் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

இழைகள் பெருகிய கதை

தமிழ்நாட்டில் பழைய எலக்ட்ரீஷியன்கள் வயரை 1/18, 3/20, 7/20 என்றே கேட்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது கேஜ். 3/20 என்றால் ஒவ்வொன்றும் 0.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று கம்பிகள். அவற்றை ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

இன்று கடையில் கிடைக்கும் 1.5 ச.மி.மீ. வீட்டு வயரின் வழக்கமான அமைப்பு 22/0.3. அதாவது 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 22 இழைகள். 2.5-க்கு 36 இழைகள், 4-க்கு 56 இழைகள். இந்த வயர் பைப்புக்குள் எளிதாக இழுபடும், வளையும், முறியாது. வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் நுனியை உரித்ததும் இழைகள், ஊசியில் கோக்கப் போகும்போது பிரிந்துகொள்ளும் நூல் போல, நாலாபக்கமும் விலகி நிற்கின்றன. வயர் மாறியது. சுவிட்சுக்குள் இருக்கும் துளையும் ஸ்க்ரூவுமோ பெரும்பாலும் பழைய ஏற்பாடாகவே நீடிக்கின்றன.

பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 60228 கடத்திகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. வகுப்பு 1 ஒற்றைக் கம்பி. வகுப்பு 2 சில தடித்த இழைகள். வகுப்பு 5 நெகிழ்வான மெல்லிழைகள். வகுப்பு 6 இன்னும் மெல்லியவை. ஃபெரூல் பற்றிய விவாதம் முழுவதும் 5, 6 வகுப்புகளையும் அவற்றை ஒத்த நம் வீட்டு வயர்களையும் சார்ந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

முதல் வழி முறுக்குவது. உரித்த இழைகளை விரலால் முறுக்கி அப்படியே துளைக்குள் தள்ளுவது எங்கும் நடப்பதுதான். நுழையும்போது ஓர் இழை வெளியே தங்கிவிட்டால் பக்கத்து டெர்மினலைத் தொடலாம். துளையின் ஸ்க்ரூ நேரடியாக வயர்மீது சுழன்று இறங்கும் வகையாக இருந்தால், அதன் முனை சில இழைகளை அறுத்தும்விடும். 22 இழைகளில் நான்கு போனால் குறுக்குப் பரப்பில் 18 சதவீதம் போயிற்று. அந்தச் சிறு நீளத்தில் கூடும் தடையைவிட, மிஞ்சிய இழைகள் பிடிப்பின்றித் தளர்வதே பெரிய தீங்கு.

இரண்டாவது வழி மடிப்பது. முறுக்கிய நுனியை இரட்டையாக மடித்துத் துளையை நிரப்புவார்கள். பெரிய துளையில் சிறிய வயர் போகும்போது இது முறுக்குவதைவிடத் தெளிவாக மேலானது. துளை நிரம்புவதால் ஸ்க்ரூவின் விசை வீணாவதில்லை. ஆனால் இழைகள் நகர்வதையும் அறுபடுவதையும் இது தடுப்பதில்லை.

மூன்றாவது வழி நுனிக்கு ஈயம் வைப்பது. ரேடியோ, டி.வி. பழுதுபார்த்துப் பழகியவர்கள் இதை மிக நம்பிச் செய்வார்கள். பார்க்க அழகாக, ஒற்றைக் கம்பிபோல் இறுகி நிற்கும். ஸ்க்ரூ டெர்மினலுக்கு மிக ஆபத்தான வழியும் இதுதான். வெள்ளீயமும் காரீயமும் கலந்த வழக்கமான சால்டர் 183 பாகை செல்சியஸில் உருகும். தனிவெப்ப அளவில் அது 456 கெல்வின். நம் அறை வெப்பமான 30 பாகை 303 கெல்வின். உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு. உருகுநிலைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் உலோகம், இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல வழிந்து விலகிக்கொண்டே இருக்கும். இதைக் குளிர்வழிவு என்கிறோம். செம்புக்கோ அதே அறை வெப்பம் உருகுநிலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே. அது அப்படி வழியாது. ஈயம் வைத்த நுனியை எவ்வளவு இறுக்கினாலும் பிடி மாதக்கணக்கில் தளர்ந்துகொண்டே போகும். போதாததற்கு, ஈயம் மேலுறைக்குள் ஊறி நின்ற இடத்தில் வயர் விறைத்துவிடுகிறது. அதிரும் இயந்திரத்தில் அந்த எல்லைக்கோட்டில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

நான்காவது வழிதான் ஃபெரூல். ஈயத்தைப் போலவே இழைகளை ஒன்றுசேர்க்கிறது. ஆனால் வழியாத செம்பால் சேர்க்கிறது. சூடின்றி நசுக்கி இணைக்கும் இந்தத் தொழில்நுட்பம் பெரிய அளவில் பரவியது விமானங்களில். 1941-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.எம்.பி. நிறுவனம், சால்டர் தேவைப்படாத டெர்மினல்களை விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்து கொடுத்து வளர்ந்தது. ஃபெரூல் அந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பினர். கண் வைத்த லக்கைப் போலத் தானே இணைப்பாக நிற்காது. இழைகளை ஒரு கம்பியாக்கி டெர்மினலின் பிடிக்குள் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

குழலின் அளவும் நிறமும்

ஃபெரூல்களுக்கு உலகெங்கும் வழிகாட்டுவது ஜெர்மனியின் டின் 46228 தரநிலை. அதன் முதல் பகுதி வெறும் குழல்களுக்கும் நான்காம் பகுதி பிளாஸ்டிக் கழுத்துப்பட்டை உள்ளவற்றுக்கும் உரியது. குழல் வெள்ளீயம் பூசிய தூய செம்பு. கழுத்துப்பட்டை, இழைகளைக் குழலுக்குள் வழிநடத்தும் புனலாகவும், மேலுறையின் நுனியைத் தாங்கும் சட்டையாகவும் பயன்படுகிறது.

1.5 ச.மி.மீ. வயருக்கான குழலின் உள்விட்டம் 1.7 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 0.15 மில்லிமீட்டர். 22/0.3 வயரை அதில் செருகினால் செம்பு குழலின் உட்பரப்பில் 68 சதவீதத்தை நிரப்பும். மீதி 32 சதவீதம் காற்று. பிளையர் நசுக்கும்போது அந்தக் காற்று முழுவதும் வெளியேறி, இழைகள் ஒன்றோடொன்று அழுந்த வேண்டும். அதே வயரை 2.5-க்கான 2.2 மில்லிமீட்டர் குழலில் போட்டால் நிரம்புவது 41 சதவீதம் மட்டுமே. எவ்வளவு நசுக்கினாலும் உள்ளே இடைவெளி தங்கும். ‘ஒரு சைஸ் பெரிசு இருந்தால் பரவாயில்லை’ என்ற வழக்கம் இங்கே செல்லாது.

நிறம் பார்த்து அளவு சொல்வதிலும் கவனம் வேண்டும். டின் முறையில் 0.5 வெள்ளை, 0.75 சாம்பல், 1 சிவப்பு, 1.5 கறுப்பு, 2.5 நீலம், 4 மறுபடியும் சாம்பல், 6 மஞ்சள். பிரெஞ்சு முறையில் 0.75 நீலம், 2.5 சாம்பல், 4 ஆரஞ்சு, 6 பச்சை. வைட்முல்லர் நிறுவனத்தின் சொந்த முறையில் 1 மஞ்சள், 1.5 சிவப்பு, 6 கறுப்பு. ஆக, நீல ஃபெரூல் என்றால் அது 2.5 ஆகவும் இருக்கலாம், 0.75 ஆகவும் இருக்கலாம். இணையத்தில் வாங்கும் கலவைப் பெட்டிகளில் எந்த முறை என்பதே எழுதியிருக்காது. ஒரு பட்டறை ஒரே நிறமுறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும். வாங்கும்போது நிறத்தைச் சொல்லாமல் ச.மி.மீ. அளவையும் குழல் நீளத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

நீளம் 8, 10, 12, 18 மில்லிமீட்டர் என்று வரும். ஸ்க்ரூ அழுத்தும் இடம் முழுவதும் குழலின் மேல் அமைய வேண்டும் என்பதே தேர்வுக்கான விதி. டெர்மினலின் ஆழத்தைவிடக் குழல் குட்டையாக இருந்தால், ஸ்க்ரூ குழலைத் தாண்டிக் காலியிடத்தில் இறங்கும்.

பிளையரே பாதி வேலை

ஒரு ஃபெரூல் போடுவதை அருகில் நின்று பார்ப்போம். 1.5 வயர், 8 மில்லிமீட்டர் குழல். மேலுறையை 10 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும். அதில் இரண்டு மில்லிமீட்டர் கழுத்துப்பட்டைக்குள் போய்விடும். உரிக்கும் கருவி இழைகளைக் கீறக்கூடாது. இழைகள் கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டிவிட்டு மறுபடி உரிக்க வேண்டும், ஏனென்றால் நசுக்குவது அழுக்கை நீக்காது. இழைகளைக் கடுமையாக முறுக்க வேண்டியதில்லை, நேராக்கினால் போதும். குழலைச் செருகி, மேலுறையின் விளிம்பு கழுத்துப்பட்டைக்குள் தட்டும்வரை தள்ளினால், இழைகளின் நுனி குழலின் வாய்க்குச் சமமாகவோ ஒரு மயிரிழை வெளியேவோ தெரியும். உள்ளே ஒளிந்துகொண்டால் உரித்தது போதவில்லை. பிறகு பிளையரின் வாயில் குழல் முழுவதும் அடங்கும்படி வைத்து, அது தானாக விடுவித்துக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும்.

இந்தக் கடைசி நொடிதான் வேலையின் உயிர். நல்ல ஃபெரூல் பிளையரில் ராட்செட் பூட்டு உண்டு. முழு அழுத்தம் கிடைக்கும்வரை அது வாயைத் திறக்காது. கை களைத்துப் பாதியில் விடுவதற்கு வழியே இல்லை. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கினால் குழல் தட்டையாகிறது, ஓரங்களில் இழைகள் தளர்வாகவே கிடக்கின்றன, மெல்லிய சுவர் கிழியவும் கூடும். லக்குக்கான பெரிய பிளையரால் ஓரிடத்தில் குத்தினாலும் இதே கதிதான். நன்றாகக் கிரிம்ப் ஆன குழலைக் குறுக்காக வெட்டி, தேய்த்து மெருகேற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், உருண்டை இழைகள் பல கோண வடிவங்களாக மாறி இடைவெளியின்றி நெருங்கியிருப்பது தெரியும். அந்த நெருக்கம் காற்றும் ஈரமும் உள்ளே புகுவதைத் தடுக்கிறது.

நசுக்கும் வடிவம் பலவகை: சரிவகம், சதுரம், அறுகோணம். சதுரமும் சரிவகமும் தட்டையான பரப்பைத் தருவதால் பெட்டி போன்ற டெர்மினல்களில் நன்றாகப் பதிகின்றன. அறுகோணம் வட்டத்துக்கு நெருக்கமானதால் வட்டத் துளைகளுக்கு எளிது. அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் நான்கு பக்க, ஆறு பக்கப் பிளையர்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்களின் கருவிகள் விலை கூடியவை. மலிவான நகல்களும் நன்றாக வேலை செய்யக்கூடும், ஆனால் வாங்கியதும் சில மாதிரிகளைக் கிரிம்ப் செய்து இழுத்துப் பார்த்த பிறகே தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இழுவைச் சோதனைக்கு அளவுகோல் உண்டு. தாழ்மின்னழுத்தச் சுவிட்ச் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60947-1, இணைப்பு தாங்க வேண்டிய இழுவிசையைத் தருகிறது: 0.5 ச.மி.மீ.க்கு 20 நியூட்டன், 1.5-க்கு 40, 2.5-க்கு 50, 4-க்கு 60. நாற்பது நியூட்டன் என்பது ஏறக்குறைய நான்கு கிலோ எடை. கையால் இழுத்தாலே கழன்று வரும் ஃபெரூல் இந்த அளவுகோலின் அருகில்கூட வராது.

தரநிலைகள் சொல்வது

ஃபெரூல் கட்டாயமா என்ற கேள்விக்குத் தரநிலைகள் தரும் விடை நுட்பமானது. இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான ஐ.இ.சி. 60204-1, டெர்மினலிலேயே இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் அதற்கான வழியைச் செய்தாக வேண்டும் என்கிறது. அந்த வேலைக்குச் சால்டரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு டெர்மினலில் இரண்டு வயர் கொடுப்பதும் அந்த டெர்மினல் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே. கட்டட நிறுவல்களுக்கான ஐ.இ.சி. 60364-5-52-உம் இதே திசையில்தான் போகிறது: மெல்லிழைகள் பிரியாதிருக்க உரிய டெர்மினலைப் பயன்படுத்து, அல்லது நுனியைப் பக்குவப்படுத்து. வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான ஐ.இ.சி. 60335-1, அழுத்தத்தில் நிற்கும் நுனிகளுக்கு ஈயம் வைப்பதைக் குளிர்வழிவின் பெயரைச் சொல்லியே தடுக்கிறது.

இவற்றில் எதுவும் ஃபெரூலைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளைவைக் கட்டாயமாக்கி வழியைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஜெர்மனியில் ஃபெரூல் அன்றாட வழக்கமானதற்குக் காரணம், அங்கே பேனல்களில் வகுப்பு 5 வயர் பெருவழக்காக இருப்பதும், அதற்கு மிக எளிய விடையாக ஃபெரூல் கிடைத்ததும்.

அமெரிக்காவின் பாதை வேறு. அங்கே கட்டட வயர்கள் ஒற்றைக் கம்பியாகவோ 7, 19 என்ற தடித்த இழைகளாகவோ இருப்பதால் ஃபெரூலின் தேவை வெகுகாலம் எழவில்லை. சூரிய மின் நிலையங்களிலும் மின்கல அறைகளிலும் மெல்லிழைக் கேபிள்களைச் சாதாரண ஸ்க்ரூ லக்குகளில் கொடுத்தபோது பிடி தளர்ந்து கோளாறுகள் வந்தன. அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு 2011 பதிப்பில், அதிக மெல்லிழை உள்ள கடத்திகளுக்கு அதற்கென்று குறிப்பிடப்பட்ட டெர்மினல்களே வேண்டும் என்ற விதியைச் சேர்த்தது. ஃபெரூல்களுக்கென்று யு.எல். 486எஃப் என்ற தனித் தரநிலையும் அங்கே உள்ளது. வேறு வேறு வழியில் நடந்தாலும் இரண்டு நாடுகளும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: மெல்லிழையும் சாதாரண ஸ்க்ரூவும் நேரடியாகச் சந்திக்கக் கூடாது.

எங்கே வேண்டாம்?

ஃபெரூலை விரும்புபவர்கள் அதை எல்லா இடத்திலும் போட முனைகிறார்கள். அதுவும் பிழைதான். ஒற்றைக் கம்பிக்கு ஃபெரூல் தேவையே இல்லை. குழலுக்குள் அது சரியாக நசுங்குவதும் இல்லை. ஏழு தடித்த இழைகள் உள்ள கேபிளும் அப்படியே. அலுமினியக் கம்பிக்குச் செம்புக் குழல் கூடாது, இரு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும்.

ஸ்ப்ரிங் டெர்மினல்களில் நிலைமை இன்னும் சுவையானது. ஜெர்மனியின் மிண்டன் நகரைச் சேர்ந்த வாகோ நிறுவனம் 1977-இல் அறிமுகப்படுத்திய கூண்டுப் பிடி, மெல்லிழைகளை வெறுமனே பிடிக்கவே உருவானது. ஸ்ப்ரிங் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், இழைகள் சற்று நகர்ந்தாலும் அழுத்தம் தொடர்கிறது. அங்கே ஃபெரூல் போடலாம், போடாமலும் விடலாம். நெம்புகோல் வைத்த சிறிய கனெக்டர்களிலும் அப்படித்தான். தள்ளினாலே நுழையும் புஷ்-இன் வகையில் மட்டும் ஃபெரூல் நேரடியாகப் பயன் தருகிறது: குழல் போட்ட வயரை ஸ்ப்ரிங்கைத் திறக்காமலே செருகிவிடலாம்.

எந்த டெர்மினலானாலும் அதன் தகவல் தாளில் ஒற்றைக் கம்பி, மெல்லிழை, ஃபெரூல் போட்ட மெல்லிழை என்று தனித்தனி அளவெல்லை இருக்கும். 4 ச.மி.மீ. ஒற்றைக் கம்பி நுழையும் டெர்மினல், ஃபெரூல் போட்டால் 2.5 வரைதான் ஏற்கும் என்பது சாதாரணம். இடம் போதாமல் கழுத்துப்பட்டை துளையின் வாயிலேயே முட்டி நின்றால், பிடி உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மறுப்பவர்களின் வாதங்கள்

முதல் வாதம்: ஃபெரூல் ஒரு தொடுமுனைக்குப் பதில் இரண்டை உண்டாக்குகிறது. இழையிலிருந்து குழலுக்கு ஒன்று, குழலிலிருந்து டெர்மினலுக்கு இன்னொன்று. எண்ணிக்கை சரியே. ஆனால் சரியாகக் கிரிம்ப் ஆன உள்முனையின் அழுத்தம் குழலின் உருவத்திலேயே பூட்டப்பட்டிருப்பதால் அது தளர்வதில்லை. தளரக்கூடிய ஒரே முனை ஸ்க்ரூ முனை. அங்கே பல இழைகளுக்குப் பதில் ஒரே கெட்டிப் பொருள் இருப்பது ஸ்க்ரூவுக்கு உதவியே. கிரிம்ப் மோசமாக இருந்தால் இந்த வாதம் முழுவதும் உண்மையாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மோசமான ஃபெரூலைவிட ஒழுங்காக மடித்த வெறும் வயர் மேல்.

இரண்டாவது வாதம் நேரமும் செலவும். 500 வயர் உள்ள பேனலில் 1,000 நுனிகள். ஒவ்வொன்றுக்கும் உரித்தல், குழல், கிரிம்ப் என்று கூடுதல் நொடிகள் போகும். இது உண்மையான செலவு. ஆனால் அதே பேனல் பத்து ஆண்டுகள் ஓடும். உதிரி மாற்றும்போது ஒரு வயரைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். வெறும் இழைகள் இரண்டாம் முறை நசுங்கிச் சிதைந்திருக்கும், வெட்டி உரிக்க நீளமும் இருக்காது. ஃபெரூல் போட்ட நுனியோ பார்த்துவிட்டு அப்படியே திரும்பச் செருகத் தக்கதாக இருக்கும். பராமரிப்புக்காரரின் நேரத்தையும் கணக்கில் எடுத்தால் செலவு திரும்பி வருகிறது.

மூன்றாவது வாதம்: ‘இத்தனை வருஷம் முறுக்கித்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை.’ இதை அலட்சியப்படுத்தக் கூடாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடுகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அங்கே மோசமான இணைப்பும் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். அந்த அனுபவத்தை ஏ.சி.க்கும் கீசருக்கும் கார் சார்ஜருக்கும் பொருத்துவதில்தான் பிழை. 14 ஆம்பியர் என்பது அரை ஆம்பியரின் 28 மடங்கு. அதே தடையில் எழும் வெப்பமோ கிட்டத்தட்ட 800 மடங்கு.

நம் வீடுகளும் நம் பேனல்களும்

பேனல் தொழிலில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் பகுதிகளில் இயந்திரங்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் செய்பவர்களில் ஏற்றுமதிக்குச் செய்பவர்கள் ஐ.இ.சி. விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும். அதிரும் இயந்திரம், மெல்லிழை வயர், ஸ்க்ரூ டெர்மினல் மூன்றும் சேர்ந்தால் ஃபெரூல் தவிர்க்க முடியாதது. உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் வெள்ளீயம் பூசிய குழல் இழைகளுக்குக் கூடுதல் காப்பு.

வீட்டு வயரிங்கில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் சுவிட்ச் பெட்டிகளில் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு ஃபேஸை லூப் செய்வது வழக்கம். ஒரே துளையில் இரண்டு மூன்று வயர்கள் முறுக்கித் திணிக்கப்படும். இரண்டு வயருக்கு இரட்டை ஃபெரூல் கிடைக்கிறது. துளை இடம் கொடுத்தால் அதுவே நல்லது. மூன்று வயர் என்றால் ஃபெரூலைத் தேடாமல் இணைப்பு முறையையே மாற்ற வேண்டும். நெம்புகோல் கனெக்டரில் மூன்றையும் சேர்த்து, சுவிட்சுக்கு ஒரே ஒரு வயர் கொடுக்கலாம்.

எல்லா நுனிக்கும் ஃபெரூல் வேண்டும் என்று வீட்டுக்காரரைச் செலவுக்குள் இழுக்க வேண்டியதில்லை. முதலில் செய்ய வேண்டிய இடங்கள் தெளிவானவை: 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்வாகன சார்ஜர், இன்வெர்ட்டர், விநியோகப் பெட்டியின் எம்.சி.பி. நுனிகள். இவை வீட்டின் மொத்த நுனிகளில் சிறு பங்கு. நீண்ட நேரம் அதிக ஆம்பியர் ஓடுவதோ இங்கேதான். ஃபெரூல் போட்ட பிறகும் எம்.சி.பி.யின் பக்கவாட்டிலோ கையேட்டிலோ தந்திருக்கும் முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். இறுக்காத ஸ்க்ரூவை எந்தக் குழலும் ஈடுகட்டாது.

ஆய்வு முடிவாகச் சொல்வது

மெல்லிழை வயர் ஸ்க்ரூ டெர்மினலைச் சந்திக்கும் இடத்தில் ஈயம் வைப்பது கைவிடப்பட வேண்டிய முறை. அங்கே ஃபெரூலே முதல் தேர்வு. ஸ்ப்ரிங் டெர்மினலில் அது விருப்பம். ஒற்றைக் கம்பிக்கும் அலுமினியத்துக்கும் அது தவறு. அளவு தவறிய குழலும் ராட்செட் இல்லாத பிளையரும் இந்த முறையின் பெயரைக் கெடுக்கின்றனவே தவிர, முறையைப் பொய்யாக்கவில்லை.

நடைமுறையில் மூன்று மாற்றங்கள் போதும். ஐ.டி.ஐ. பயிற்சியில் லக் கிரிம்ப் செய்வதோடு ஃபெரூலையும் சேர்த்து, ஒவ்வொரு மாணவரும் தான் செய்ததைக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தவர் பிறகு கட்டிங் பிளையரால் நசுக்க மாட்டார். ஒப்பந்தக்காரர்கள் மதிப்பீட்டில் வயரின் பிராண்டை எழுதுவது போலவே, அதிகச் சுமை நுனிகளின் முடிப்பு முறையையும் எழுத வேண்டும். வீடு கட்டுபவர், பெட்டியை மூடுவதற்கு முன் கார் சார்ஜர் சாக்கெட்டின் மூன்று நுனிகளையும் கழற்றிக் காட்டச் சொல்லலாம். குழலின் வாயில் இழைகள் தெரிகின்றனவா, கழுத்துப்பட்டை மேலுறையைக் கவ்வியிருக்கிறதா, இழுத்தால் நிற்கிறதா என்று பார்க்க எவருக்கும் பட்டம் தேவையில்லை. அப்படிக் கேட்பது எலக்ட்ரீஷியனை அவமதிப்பதாகாது. ஒழுங்காகச் செய்தவருக்குத் தன் வேலையைக் காட்ட அது ஒரு வாய்ப்பு.